தூணுக்குக் கீழே மூச்சு விட்ட கிணறு

ஸ்டூல் உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரிய சத்தமில்லை. வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தால் வருமே, அவ்வளவுதான்.

உக்கடம் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இலவம்பஞ்சு மெத்தைக் கடை. அகலமே இல்லாத கடை. உட்காருகிற ஸ்டூலைக்கூட விரித்துப் போட்ட மெத்தையின் மேல்தான் வைக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, ஸ்டூலில் இருந்த உறைத்துணி மூட்டையை எடுத்து வைக்கச் சோம்பல்பட்டு, நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மெத்தை பார்க்க வந்த ஒரு அம்மா, அதன் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து பார்த்தார். ஸ்டூலின் ஒரு கால் பஞ்சுக்குள் அமிழ்ந்தது. மூட்டை சாய்ந்தது. டிக்.

“என்னக்கா, மெத்தை வாங்க வந்தீங்களா, ஸ்டூல ஒடைக்க வந்தீங்களா?” என்றார் அத்தா.

“உங்க ஸ்டூலு இத்துப்போனதுக்கு நானாங்க பொறுப்பு? நெம்பப் பேசாதீங்க பாய். இதுக்கே வெலையில கொறச்சுக் குடுக்கோணும்.”

கடையே சிரித்தது. நான் ஸ்டூலைப் புரட்டிப் பார்த்தேன். அமிழ்ந்த கால் அப்படியே முழுசாக இருந்தது. விரிசல் விட்டிருந்தது அடுத்த காலில், மேலே சட்டம் வந்து சேருகிற இடத்தில்.

அமிழ்ந்தது ஒன்று, உடைந்தது வேறொன்று.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதே மாதிரி ஒரு விரிசலை அந்த வாரந்தான் நான் ஒரு வீட்டில் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு, சுவர் பூச்சு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

மூன்று சாய்கோடுகள்

நான் படித்தது சிவில். படிப்பு முடிந்த சூட்டோடு ஆர்.எஸ்.புரத்தில் நடராஜன் சார் என்கிற கட்டட வடிவமைப்பாளரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கான்கிரீட் கட்டடங்களுக்குத் தூண் எவ்வளவு பருமன், உத்தரத்தில் எத்தனை கம்பி என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். உத்தரத்தை நாங்கள் பீம் என்போம். ஏசி அறையில் ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கிடைத்தால் எனக்குச் சோறு வேண்டாம்.

காலேஜில் தூணை வரைந்தால் அதன் அடியில் ஒரு கோடு போடுவோம். கோட்டுக்குக் கீழே மூன்று சாய்கோடுகள். ‘இது அசையாது’ என்று அர்த்தம். அந்தச் சாய்கோடுகள்தான் பூமி. நாலு வருஷமும் அதை வரைந்தோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று வகுப்பில் ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் மண் அசையும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? உடுமலைப்பேட்டைப் பக்கம் என் பெரியம்மா வீடு கரிசல் மண்ணில் நிற்கிறது. சித்திரையில் வாசல் பிளந்து கைவிரல் நுழையும். ஐப்பசியில் அதே வாசல் உப்பிக்கொண்டு வந்து கதவைச் சாத்த விடாது. “ஊடு மழைக்குச் சாப்பிட்டு ஊதியிருக்குது” என்று பெரியப்பா கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளுவார். அந்த வீட்டில் விளையாடி வளர்ந்தவள்தான் பரீட்சையில் மூன்று சாய்கோடு போட்டு மார்க் வாங்கினேன்.

விரிசல் பார்த்த வீட்டுக்கு வருகிறேன். கணபதியைத் தாண்டி, ஃபவுண்டரிகளுக்கு நடுவில் இருந்தது. உரிமையாளர் வேலுச்சாமி அண்ணன். தோட்டத்தின் பெரும்பகுதி பட்டறைகளாகவும் சைட்டுகளாகவும் போன பிறகு, மீதி இடத்தில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் அவருடைய கிரைண்டர் பட்டறை. முதல் மாடி குடோன். இரண்டாம் மாடியில் குடும்பம். மேலே இன்னொரு மாடி எடுக்கலாமா என்று கேட்டு சாரிடம் வந்திருந்தார். அளந்துவர என்னை அனுப்பினார்கள்.

மகள் கவிதா ஏழு மாதக் கர்ப்பிணி. தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். என் வயதுதான். அவள் படுக்கிற அறைச் சுவரில், ஒரு தூணின் தலையிலிருந்து சரிவாக இறங்கியது அந்த விரிசல். அதற்குள் வெள்ளை சிமெண்டை அடைத்துத் தேய்த்திருந்தார்கள். அடைத்ததற்கு நடுவில் மறுபடியும் முடிபோல ஒரு கோடு.

அந்தத் தூண் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் அமிழ்ந்த கால் எது?

ஸ்பிரிங்

மறுநாள் சார் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் அதே கட்டடத்துக்கு, எல்லாத் தூணின் அடியும் அசையாது என்று வைத்துக் கணக்குப் பார்த்திருந்தேன். தாராளமாக இன்னொரு மாடி தாங்கும் என்று வந்திருந்தது. இப்போது சாய்கோடுகளை அழித்தேன். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு ஸ்பிரிங் வைத்தேன். மண்ணை மெத்தையாக்கினேன்.

பிறகு ஒவ்வொரு தூணாக எடுத்து, அதன் ஸ்பிரிங்கை மட்டும் தளர்த்திக்கொண்டே போனேன். வடகிழக்கு மூலைத்தூண் வந்தபோது, கவிதாவின் அறைச் சுவருக்கு மேலே ஓடும் பீமில் எண்கள் எகிறின. விரிசல் இருக்கும் அதே இடம். இன்னும் தளர்த்தினேன். அந்த பீமுக்குள் இருக்கிற கம்பியால் தாங்க முடியாத அளவுக்குப் போனது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் அந்த எண்ணுக்குக் கீழே யார் படுத்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. ஏசி அறையில் எனக்கு வேர்த்தது.

சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

“ஏம்மா ஜீனத்து, இந்த ஸ்பிரிங்கோட பலத்த யார் சொன்னா?”

“நானா வெச்சுப் பாத்தேன் சார்.”

“நீயா வெச்சா? அப்ப கட்டடத்தையும் நீயா விழுக வெச்சிருக்கற.”

“விரிசல் அதே எடத்துல வருது சார்.”

“வரும். பூச்சு சுருங்குனாலும் வரும். இத்தன வருசமா நிக்குற கட்டடம். நாலு எண்ணைக் காட்டி ஒரு குடும்பத்தைத் தெருவுல நிறுத்த முடியுமா?” என்றார். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “போய் விரிசல்மேல கண்ணாடி ஒட்டிட்டு வா.”

மெல்லிய கண்ணாடிப் பட்டையை விரிசலுக்குக் குறுக்கே இருபுறமும் பூசி ஒட்டிவிடுவது. விரிசல் செத்துப் போனதென்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். உயிரோடிருந்தால் உடையும்.

போகும்போது பஸ் ஜன்னல் வழியே பார்த்த கட்டடங்களெல்லாம் எனக்குக் கால்களாகவே தெரிந்தன. அவினாசி ரோட்டில் அத்தனை மாடிகள். அத்தனைக்கும் கீழே மூன்று சாய்கோடுகள்.

மஞ்சள் குங்குமம் வைத்த குழாய்

கண்ணாடியை ஒட்டி முடித்ததும் கவிதா கேட்டாள்: “எதுக்குங்க இது? திருஷ்டிக்கா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“அப்ப எனக்கும் ஒண்ணு ஒட்டிப்போட்டுப் போங்க. வாரவிங்க எல்லாரும் என்ற வவுத்தயே பாக்கறாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கட்டுச்சோற்று விருந்து, வளைகாப்பு மாதிரி ஒரு சீர். மாப்பிள்ளை வீட்டார், பங்காளிகள், மாமன் மச்சான் என்று எல்லோருக்கும் மொட்டைமாடியில் பந்தல் போட்டுப் பந்தி. மூங்கில் வந்து இறங்கியிருந்தது. நான் மனதுக்குள் மொட்டைமாடியில் ஆட்களை நிறுத்திப் பார்த்தேன். உட்கார வைத்தும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் பாரம் அந்த மூலைக்குத்தான் இறங்கியது.

மூலைத்தூணைப் பார்க்கப் பட்டறைக்கு இறங்கினேன். அதைச் சுற்றித்தான் கிரைண்டர் கல்லெல்லாம் அடுக்கியிருந்தார்கள். அந்த இடுக்கில், தூணை ஒட்டித் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய். அதன் கழுத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, காய்ந்த செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தது. மேலே மூடி இல்லை.

வேலுச்சாமி அண்ணனின் மனைவி சரசக்கா முறத்தோடு வந்தார். “அக்கா, இது என்னங்க குழாய்?”

“கெணறுங் அம்மணி.”

“எங்கெ?”

“இங்கெதான். மாட்டுக்குத் தண்ணி காட்டற ஊட்டுக் கெணறு. கட்டடம் கட்டறப்ப மூடிப்போட்டோம். மூடறப்ப குழாய் உடாம மூடலாமுங்களா? அதுக்கும் மூச்சு உடோணுமில்ல?”

ஊரில் கிணற்றை மூடுகிறவர்கள் அப்படிக் குழாய் வைப்பதுண்டு. எனக்குத் தெரியும். வைக்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். ஆனால் இங்கே கிணற்றுக்குக் குழாய் வைக்கிற நினைப்பு எல்லோருக்கும் இருந்திருக்கிறது. அதன்மேல் தூண் வைக்கக் கூடாது என்கிற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. கிணறு மூடிய பிறகு வந்து பிளான் போட்டவருக்கு அது சமமான தரை.

“எதெப் போட்டு மூடுனீங்க?”

“அடியில தென்னை மட்டை, தேங்காத் தொண்டு, வெட்டிப்போட்ட மரம். மேலால ஃபவுண்டரி மண்ணு. வண்டி வண்டியா அவங்களே கொண்டாந்து கொட்டிப்போட்டு, நன்றீன்னு சொல்லிப்போட்டுப் போனாங்க.”

வார்ப்படத்தில் வெந்து கறுத்த மணல் அது. கொட்ட இடமில்லாமல் ஃபவுண்டரிக்காரர்கள் அலைகிற மணல். காய்ந்திருக்கும்போது கல்மாதிரி நிற்கும். அடியில் தென்னை மட்டை மக்கி ஓட்டை விழுந்து, ஊற்றுத் தண்ணீரும் ஏறினால், சர்க்கரைபோல ஓடிவிடும். அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது.

ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டிக் குழாய்க்குள் விட்டேன். போனது. போய்க்கொண்டே இருந்தது. இழுத்தபோது நட்டு ஈரமாக வந்தது.

பட்டறையில் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, குனிந்து குழாயில் காதை வைத்தேன். கன்னத்தில் மஞ்சள் ஒட்டியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ கீழே, பொலபொலவென்று மண் உதிர்கிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. சொளக்.

மறுபடியும் பொலபொல. சொளக்.

“என்னுங் அம்மணி, மொகம் வெளுத்துப்போச்சு?” என்றார் சரசக்கா. “சாமி ஏதாச்சும் சொல்லுச்சா?”

கை நுழைந்த இடம்

மறுநாள் சாரே வந்தார். தூணை ஒட்டிச் சின்னதாகக் குழி பறித்துப் பார்க்க வேண்டும் என்றார். வேலுச்சாமி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏனுங்க, மாடி எடுக்கலாமா கூடாதான்னு கேட்டா, கெணத்தத் தோண்டறேன்னு வாறீங்க. மூடுன கெணத்தத் தொடக் கூடாதுங்க. அதுவும் புள்ளத்தாச்சி இருக்கற ஊட்ல.”

“கிணத்தைத் தொட மாட்டோம். தூணோட பாதத்த மட்டும் பாத்துட்டு மூடிருவோம்.”

“ஞாயித்துக்கெழமை சீரு முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்.”

சார் என்னைப் பார்த்தார். நான் எதுவும் பேசுவதற்கு முன் மாடிப்படியிலிருந்து கவிதாவின் குரல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். “ஏனுங் ஜீனத், நீங்க ஒட்டுன திருஷ்டிக் கண்ணாடி ஒடஞ்சுபோச்சுங்க. இப்பத்தான். டக்குன்னுச்சு, நான் பல்லின்னு நெனச்சேன்.”

அண்ணன் தானே கடப்பாரையை எடுத்தார்.

கறுப்பு மணல் வந்தது. எரிந்த வாசனை. அதற்குக் கீழே ஊறிய மட்டையின் புளித்த நாற்றம். தூணின் பாதம் தெரிந்தது. நல்ல கான்கிரீட். மதுக்கரை சிமெண்டில் போட்டது என்று அண்ணன் அந்த நேரத்திலும் பெருமையாகச் சொன்னார். நான் குப்புறப் படுத்து, பாதத்தின் அடிப்பகுதியைத் தடவினேன். மண் தட்டுப்பட வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. கை போனது. மணிக்கட்டு போனது. முழங்கை வரை போனது. விரல் நுனியில் குளிர்ச்சி பட்டது.

கையை இழுக்க மறந்து அப்படியே கிடந்தேன். என் முதுகுக்கு மேலே தூண், அதற்கு மேலே குடோன், வீடு, தண்ணீர்த் தொட்டி. அந்தத் தூண் கட்டடத்தைத் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. கட்டடந்தான் அந்தத் தூணை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று தெரியாது. இன்னும் எவ்வளவு நேரத்துக்கு என்பதும் தெரியாது.

“ஜீனத்து, எந்திரி. மெல்ல,” என்றார் சார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை.

நான் எழுந்ததும் அவர் அண்ணனிடம் திரும்பினார். “எல்லாரும் எறங்குங்க. இப்பவே.”

“சொந்தபந்தமெல்லாம் அழைச்சாச்சுங்க. ஞாயித்துக்கெழமை...”

“ஞாயித்துக்கெழமைக்கு மாடில பந்தி போட்டா, பந்தியோட கீழ வந்துருவீங்க.”

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. “ஊட்ட உட்டு ஓடிட்டான்னு ஊர்ல பேசமாட்டாங்களா? சம்பந்திகிட்ட என்னன்னு சொல்லுவேன்? சீருக்கு முன்னால ஊட்டக் காலி பண்ணுனா என்னமோ ஆயிப்போச்சும்பாங்க.”

கவிதா அவரைப் பார்த்தாள். அங்கேயே கிடந்த தன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

“நீங்க சம்பந்திகிட்ட சொல்ற வார்த்தைய யோசிச்சுட்டு வாங்கப்பா. நானு வவுத்துக்குள்ள இருக்கறதோட கெளம்பறேன். பெரியப்பா தோப்புல இருக்கறேன். எனக்கு மாத்துச்சீலை மட்டும் அம்மாவக் கொண்டாரச் சொல்லுங்க.”

வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சரசக்கா மாற்றுச் சேலை எடுக்க மாடிக்கு ஓடப் போனார். “யாரும் மேல போகக் கூடாது,” என்று கத்தினேன். அப்படியெல்லாம் பெரியவர்களிடம் கத்தி எனக்குப் பழக்கமில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு, “ஏனுங் அம்மணி, அந்தக் கல்லையெல்லாம் மொதல்ல எந்தப் பக்கம் எடுக்கோணும்?” என்றார்.

கால் சுற்று

விருந்து கவிதாவின் பெரியப்பா தோப்பில் நடந்தது. சம்பந்தி வீட்டாருக்குத் தென்னை நிழலும் இளநீரும் பிடித்துப்போய், இதுதான் ஏற்பாடே என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் சாரும் இலைமுன் உட்கார்ந்து, மணலில் குச்சியால் பீம் வரைந்துகொண்டிருந்தோம்.

திட்டம் சொல்வதற்குச் சுலபம். கிணற்றிலிருந்து தள்ளி, கெட்டியான மண்ணில் இரும்பு முட்டுகளை நிறுத்தி, அவற்றின் மேல் ஜாக்கிகளை வைத்து, மூலைக்கு வருகிற பீம்களின் பாரத்தை அதில் வாங்குவது. தூண் ஆபத்தில்லாமல் நின்ற பிறகு, கிணற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாலம்போலத் தரைக்குள் ஒரு பீம் போட்டு, தூணை அதன்மேல் உட்கார வைப்பது.

பயம் ஜாக்கியில்தான் இருந்தது. குறைவாகத் திருகினால் தோண்டும்போது தூண் இறங்கிவிடும். அதிகமாகத் திருகினால் இத்தனை நாள் கீழே தொங்கிக்கொண்டிருந்த பீம் மேல்பக்கமாக ஒடியும். எவ்வளவு திருகுவது என்ற அளவு என் கணக்கிலிருந்து வந்தது. என் கணக்கு ஸ்பிரிங்கிலிருந்து வந்தது. அந்த ஸ்பிரிங்கின் பலம் நான் ஊகித்துப் போட்டது.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முட்டுகளை நிறுத்திவிட்டோம். மறுநாள் காலை திருக வேண்டும். யாராவது ஒருவர் உள்ளே, பீமுக்குக் கீழே நின்று பார்த்து, போதும் என்று சொல்ல வேண்டும்.

“நான் நிக்கறேன். நீ ரோட்டுல நில்லு,” என்றார் சார். “உங்க அத்தாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது.”

“சார், மொதல்ல எங்க விரியும்னு நான்தான் போட்டுப் பாத்திருக்கேன். உங்களுக்கு அந்த எடத்தக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நேரம் போயிரும்.”

அவர் வெகுநேரம் முட்டுகளின் அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு தடவைக்குக் கால் சுத்து. அதுக்கு மேல இல்ல. ஒவ்வொரு கால் சுத்துக்கும் நின்னு, காது குடுத்து, பாத்து, அப்பறந்தான் அடுத்தது. ரெண்டு பேரும் நிப்போம்,” என்றார்.

வீட்டுக்கு வந்து, காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அந்திநேர மஃரிப் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த அத்தா, எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

“கட்டடத்துக்கு உள்ளயா, வெளியவா?”

“உள்ளதான் அத்தா.”

அம்மா சமையலறையில் செய்துகொண்டிருந்ததை நிறுத்தியது தெரிந்தது.

“வெளிய நின்னு சொல்ல முடியாதாம்மா?” என்றார் அத்தா.

“வெளிய நின்னா பீம் முனகறது கேக்காதுத்தா.”

அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் என் கையைப் பார்த்தேன். ஜாக்கியின் கைப்பிடியை நான் தொடப் போவதில்லை. கையை உயர்த்தி, போதும் என்று காட்டப் போகிறவள் நான். எப்போது உயர்த்துவது என்று முடிவெடுப்பதுதான் காலையில் முதல் கால் சுற்றிலிருந்து நான் செய்யப் போகிற ஒரே வேலை.